ஆறு மணிப் பக்கம்

காலை எட்டு மணிக்கு வேன் சாலையோரத்தில் நின்றபோது, கழிமுகத்தில் நீர் வடிந்து, சேறு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அலையாத்திக் காட்டின் நடுவே, கால் வைத்தால் முனகும் பலகைப் பாதையொன்று நானூறு மீட்டர் தூரம் கடலை நோக்கிச் சென்றது. அதன் முடிவில், மரக்கால்களின் மேல், தகரக் கூரையிட்ட ஒரு சிறு குடில். பறவைகள் அறியாமல் பறவைகளைப் பார்ப்பதற்கென்றே கட்டப்பட்டது அது. கடற்பக்கச் சுவரில் நீளமான ஒரு பிளவு. அதற்கு நேர் பின்னே ஒரு கதவு. வேறு திறப்பு எதுவும் இல்லை.

பறவைகளை எண்ண வந்தவர் நால்வர். குழுவின் தலைவர், ரயிலின் கடைசிப் பெட்டியில் இருபத்தெட்டு ஆண்டுகள் கொடி பிடித்து ஓய்வுபெற்ற கார்டு. அடுத்தவர் பல் டாக்டரம்மா. ஊரார் வாய்க்குள் பார்த்துப் பார்த்துச் சலித்ததால் வானத்தைப் பார்க்க வந்தவர் என்று தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். மூன்றாமவள், மருந்துக் கடை நடத்தும் அக்காள். நான்காமவன் அவளுடைய தம்பி. பெற்றோர் போனபின் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்கு உறவென்று உலகில் இருந்தவன் அவன் ஒருவனே. மஞ்சள் காமாலையில் மூன்று மாதம் படுத்து எழுந்து, வேலையும் போய், வீட்டுச் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தவனை அவள்தான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள்.

"ஃபோனெல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும்," என்றார் கார்டு. "போன தடவை ஒருத்தருக்கு மாமியார் கூப்பிட்டாங்க. எண்ணூறு பறவை எழும்பிப் போச்சு."

"மாமியார் குரல் கேட்டா மாமனாரே எழும்பிப் போவாரு, பறவை எம்மாத்திரம்?" என்றார் டாக்டரம்மா. பிறகு தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்ப்பா கொக்கு, நீ முன்னால நின்னா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கடைசியில நில்லு."

தம்பி சிரித்தான். மூன்று மாதத்தில் அவன் சிரித்து அக்காள் பார்த்தது அதுவே முதன்முறை.

நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வேன் போயிற்று. பத்து மணிக்கெல்லாம் கடல் ஓதம் ஏறிப் பலகைப் பாதையை மூடிவிடும். நண்பகலில் அங்கே ஓராள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அதற்கடியில் இடுப்பளவு சேறு. மூன்று மணிவரை குடிலைவிட்டு ஒருவரும் இறங்க இயலாது. அப்படி அடைபட்டுக் கிடப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். நீர் ஏற ஏற, சேற்றில் சிதறி மேய்ந்த பறவைகளெல்லாம் குடிலுக்கெதிரே எஞ்சியிருக்கும் மணல்திட்டில் வந்து குவியும். அப்போதுதான் எண்ண முடியும்.

எண்ணுவதற்குக் கார்டு வகுத்த முறை ஒன்று உண்டு. பிளவின் இடப்புறம் அவர், வலப்புறம் டாக்டரம்மா. நடுவில், அவர்களுக்குச் சற்றுப் பின்னே, சிறு மேசையில் ஏட்டுடன் அக்காள். அவளுக்குப் பின்னால், கதவோரப் பலகையின் மேல், எல்லார் தலைக்கும் மேலாகப் பார்த்தபடி தம்பி. பார்ப்பவர் மூவரும் இரகசியக் குரலில் நான்கு செய்தி சொல்ல வேண்டும்: இனம், எண்ணிக்கை, திசை, தூரம். திசை கடிகாரக் கணக்கில், தூரம் மீட்டரில். எழுதுபவர்தாம் கடிகாரத்தின் நடு. அவர் முகத்துக்கு நேரே பன்னிரண்டு மணி, முதுகுக்கு நேரே ஆறு மணி. எழுதுபவர் தலை நிமிரக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் 'சரி' என்றதும் அது ஏட்டில் ஏறும். ஏறியதை அடிக்கவேண்டுமாயின், சொன்னவரே 'தவறு' என்று சொல்ல வேண்டும். மற்றவருக்கு அந்த உரிமை இல்லை.

"ரயில்ல இப்படித்தான்," என்பார் கார்டு. "திருப்பிச் சொல்லாத வார்த்தை, சொல்லாத வார்த்தை. திருப்பிச் சொல்லிட்டா வண்டி கிளம்பிடும்."

பத்தரைக்குப் பறவைகள் வரத்தொடங்கின. குடிலுக்குள் உப்பு, சேறு, பழைய தார் ஆகியவற்றின் வாடை. காலுக்கடியில் தண்ணீர் தூண்களைத் தடவிக்கொண்டு உயரும் ஓசை. தலைக்கு மேல் தகரம் வெயிலில் படபடத்தது.

"உப்புக்கொத்தி. நாப்பது. ஒரு மணி. நூறு."

"உப்புக்கொத்தி, நாப்பது, ஒரு மணி, நூறு."

"சரி."

"ஆலா. பன்னெண்டு. பதினோரு மணி. எண்பது."

அக்காளின் கை ஓய்வின்றி ஓடியது. ஒரு மணி நேரத்தில் நான்கு பக்கங்கள் நிரம்பின. தம்பியும் தயக்கம் நீங்கிச் சொல்லத்தொடங்கியிருந்தான். அவனுக்குப் பாதிப் பறவைகள் தெரியாது. ஆகவே பெரும்பாலும் 'இனம் தெரியல' என்றே தொடங்குவான். அவள் குனிந்தபடியே புன்னகைத்து எழுதிக்கொள்வாள்.

"இனம் தெரியல. ஒண்ணு. ஆறு மணி. நானூறு."

"இனம் தெரியல, ஒண்ணு, ஆறு மணி, நானூறு."

"சரி."

அதன் பின் நீண்டு வளைந்த அலகுள்ள கடற்கரைக் கோட்டான்கள் வந்தன. பவளக்கால் உள்ளான்கள் ஒரே வீச்சில் முந்நூறு இறங்கின. டாக்டரம்மாவும் கார்டும் மாறி மாறிச் சொன்னார்கள். இடையில் மீண்டும்,

"இனம் தெரியல. ஒண்ணு. ஆறு மணி. இருநூத்தம்பது."

அவள் திருப்பிச் சொன்னாள். 'சரி' வந்தது. எழுதினாள்.

நண்பகலில் ஓதம் உச்சிக்கு ஏறி அசையாமல் நின்றது. மணல்திட்டில் இரண்டாயிரம் பறவைகள், காற்று வரும் திசையை நோக்கி வரிசை வரிசையாய் ஒற்றைக்காலில் உறங்கின. நால்வரும் கொண்டுவந்த ரொட்டியைப் பிட்டுத் தின்றார்கள். கார்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஏட்டைப் புரட்டினார். புரட்டிய விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஏம்மா, ஆறு மணின்னு எழுதியிருக்கீங்களே? இது யார் சொன்னது?"

"தம்பிதான் சார்."

"நானா?" என்றான் தம்பி. "எனக்குப் பின்னால கதவு இருக்கு அக்கா. சாத்தின கதவுல என்னத்தைப் பார்த்துச் சொல்லுவேன்?"

"விளையாடாதடா."

"உன்மேல சத்தியமா நான் சொல்லல."

எல்லாரும் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? எனக்கு முதுகுல கண்ணா இருக்கு? கார்டு சார்தான் ஆயுசு முழுக்கப் பின்னால பார்த்துட்டே போனவரு. பழக்கதோஷமா இருக்கும்."

கார்டு சிரிக்கவில்லை. "யாரோட குரல் மாதிரி இருந்துச்சும்மா?"

அக்காள் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். காலை முதல் அங்கே யாரும் குரலெழுப்பிப் பேசவில்லை. கேட்டதெல்லாம் இரகசியம். இரகசியத்தில் ஆண் குரல் பெண் குரல் என்னும் பேதம் இல்லை. மூச்சு மட்டுமே பேசுகிறது. மூச்சுக்கு முகம் ஏது?

"அடிச்சிடுங்க சார்," என்றாள்.

"சொன்னவங்கதான் அடிக்கணும்," என்று பழக்கத்தில் வந்துவிட்டது அவர் வாயிலிருந்து. சொன்னபின் அவர் முகம் வெளுத்தது.

அப்போது நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். நால்வர் வாயும் மூடியிருந்தன.

"இனம் தெரியல. ஒண்ணு. ஆறு மணி. நூத்திருபது."

குடிலுக்கு வெளியிலிருந்து அல்ல. உள்ளிருந்து. காதருகிலிருந்து.

"இனம் தெரியல, ஒண்ணு, ஆறு மணி, நூத்திருபது," என்றாள் அக்காள்.

சொல்ல வேண்டுமென்று அவள் எண்ணவில்லை. ஒன்றரை மணி நேரமாய் ஓடிய வாய், தானே ஓடிவிட்டது.

"சரி."

தம்பி 'ஆ' என்று முதுகை நெளித்தான். அவன் அவள் தோளருகே வந்து நிற்க, அவள் உட்கார்ந்தபடியே அவன் சட்டையைத் தொட்டாள். முதுகுப்புறம் முழுவதும் நனைந்திருந்தது. வியர்வையாயின் சூடாக இருக்கும். இது கிணற்றடி நீர்போலக் குளிர்ந்திருந்தது. விரலை நாவில் வைத்தாள்.

உப்பு.

டாக்டரம்மா பிளவின் பக்கம் திரும்பி, "இங்க பாருங்க," என்றார்.

உறங்கிக்கொண்டிருந்த பறவைகள் விழித்திருந்தன. காற்றை நோக்கி நின்றவை யாவும் திரும்பிக் குடிலை நோக்கி நின்றன. இரண்டாயிரம் அலகுகள். ஒன்றேனும் கத்தவில்லை.

கார்டு கதவைத் திறந்தார். பலகைப் பாதை நீருக்குள் மறைந்திருந்தது. அலையாத்தி இலைகளுக்கிடையே பழுப்பு நீர் கண்ணாடிபோல் கிடந்தது. எவரும் இல்லை, எதுவும் இல்லை. ஆனால் தொலைவில், ஓராள் உயரத்துக்குமேல் நீர் நின்ற இடத்தில், இடுப்பளவு நீரில் ஒருவர் நடந்தால் எழும் ஓசை கேட்டது. இரண்டே காலடி. பிறகு நின்றது.

அவர் கதவைச் சாத்தித் தாழிட்டார்.

"அறுபது," என்றது இரகசியம்.

அக்காள் இரு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அறுபது."

அதில் கோபம் இல்லை. முதன்முறை காதில் விழவில்லை போலும் என்று மறுபடி சொல்பவரின் பொறுமை இருந்தது. வெளியே நடை ஓசை எழவில்லை.

"திருப்பிச் சொன்னாத்தான் வருது," என்றார் கார்டு மெல்ல. "சொல்லாதீங்கம்மா. என்ன ஆனாலும் சொல்லாதீங்க. மூணு மணி வரைக்கும்."

அது அவளை நோக்கி வருகிறது. அவளுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்பவன் தம்பி. இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அவனை இழுத்துத் தன் முன்னே உட்காரவைத்தாள். குளிரில் அவன் பற்கள் தந்தியடித்தன.

"அக்கா... யாரோ எனக்குப் பின்னால நின்னு மூச்சு விடற மாதிரி இருக்கு..."

"இரகசியமாப் பேசாதே!" என்று அவள் கத்தினாள். "யாரும் இரகசியமாப் பேசாதீங்க. கத்திப் பேசுங்க. அப்பத்தான் யாருன்னு தெரியும்."

இருபது ஆண்டுகளாய் அந்தக் குடிலில் இருமலுக்குக்கூட அனுமதி தராத கார்டு, நடைமேடையில் நிற்பவர்போல் நெஞ்சை நிமிர்த்தி, தம் பாதையின் நிலையங்களை வரிசையாக முழங்கத்தொடங்கினார். டாக்டரம்மா வாயிலுள்ள பற்களை மேல் தாடையிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூவினார். தம்பி வாய்ப்பாடு சொன்னான். அக்காள் கடையிலுள்ள மாத்திரைகளின் பெயரைச் சொன்னாள். வெளியே ஒரு பறவையும் பறக்கவில்லை. நால்வரும் மூச்சு வாங்க நிறுத்தும் இடைவெளிகளில் மட்டும் அது கேட்டது.

"அறுபது."

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்தது. டாக்டரம்மாவின் குரல் முதலில் கம்மிற்று. "என் தொழில்ல அடுத்தவங்கதான் வாயைத் திறப்பாங்க. எனக்குப் பழக்கம் இல்லை," என்று சொல்லப் பார்த்தார், பாதிதான் வெளியில் வந்தது. தம்பிக்குப் பதினான்காம் வாய்ப்பாட்டில் தொண்டை அடைத்தது. கார்டு இரண்டு மணிவரை தாக்குப்பிடித்தார். பின்னர் நிலையங்களின் பெயர் காற்றாக மட்டும் வந்தது.

கத்திக் கத்தி நால்வர் குரலும் தேய்ந்துபோயின. இப்போது எவர் பேசினாலும் இரகசியந்தான்.

"அக்கா, தண்ணி."

தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் உதடு அசைந்திருந்தது. அவன்தான்.

"அக்கா, அது என்ன சொல்லுது? அறுபதா?"

"ஆமாடா, அ..."

நாவைக் கடித்துக்கொண்டாள். வாயில் இரத்தம் கரித்தது.

தம்பியின் உதடு அசையவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

இரண்டே முக்காலுக்குக் கார்டு கதவிடுக்கில் பார்த்துவிட்டு வந்து, பாதையின் மேல் நீர் முழங்காலளவு இறங்கிவிட்டதென்று சைகை காட்டினார். போகலாம். ஆனால் அவர் நகரவில்லை. அவர் நகராததன் காரணம் எல்லாருக்கும் விளங்கிற்று. ஊருக்குப் போகும் வழி அது ஒன்றே. அந்த வழியில்தான் நூற்றிருபதாவது மீட்டரில் அது நின்றுகொண்டிருக்கிறது. இங்கேயே இருந்தால், யார் குரலென்று தெரியாமல் அவள் வாய் தவறித் திருப்பிச் சொல்லிவிடுவாள். போனால் அதன்மேல் மோத வேண்டும்.

அக்காள் ஏட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதிக் காட்டினாள்.

'கடிகாரத்துக்கு நடு யார்?'

கார்டு அவளைச் சுட்டினார்.

'நான் திரும்பினால்?'

அவர் கண்கள் விரிந்தன. பென்சிலை வாங்கி எழுதினார்: 'கடிகாரமும் திரும்பும்.'

அவள் தம்பியைத் தோளைப் பற்றிக் கதவருகே நிறுத்தினாள். மற்ற இருவரையும் அவனுக்கு முன்னே தள்ளினாள். பிறகு, இருந்த இடத்திலேயே நின்று, முகத்தைக் கதவுக்கும் முதுகைக் கடலுக்குமாகத் திரும்பினாள்.

இரண்டாயிரம் பறவைகளும் ஒரே அலறலாய் எழும்பின.

மணல்திட்டில் அவற்றின் நடுவே ஏதோ வந்து நின்றதுபோல் எழும்பின. தகரக் கூரை அதிர, சிறகோசை குடிலைக் கடந்து காட்டுக்குமேல் சென்று மறைந்தது. அதன் பின் இருந்த அமைதியில், இடுப்பளவு நீரில் ஒருவர் நடக்கும் ஓசை, இப்போது கடற்பக்கமிருந்து, அவள் முதுகுக்கு நேரே கேட்டது.

"போங்க," என்றாள்.

முழங்கால் நீரில் நால்வரும் வரிசையாய் நடந்தனர். கடைசியில் அவள். ஒரு கையால் தம்பியின் சட்டை நுனியை இறுகப் பிடித்திருந்தாள். அவள் திரும்பக் கூடாது. பாதி திரும்பினாலும் கடிகாரம் சுற்றும். சுற்றினால் அது முன்னே போகிறவர்களின் நடுவில் வந்து நிற்கும்.

"அக்கா," என்றது பின்னால். "அக்கா, விழுந்துட்டேன்."

கையிலிருந்த சட்டை நுனி முன்னே இழுத்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"அக்கா, சேத்துல கால் மாட்டிக்கிச்சு. அக்கா."

நானூறு மீட்டரும் அவள் திரும்பவில்லை.

அன்றிரவே கார்டு அந்த ஏட்டைக் கிழித்து எரித்துவிட்டார். விதி அதுவன்று என்பது அவருக்கே தெரியும். அதன் பின் அவர் பறவை பார்க்கப் போகவில்லை.

அக்காள் கடையை மாற்றியமைத்தாள். அலமாரிகளெல்லாம் அவள் முகத்துக்கு எதிரேயும் பக்கங்களிலும் வந்தன. திரும்பாமலே எல்லாவற்றையும் எடுக்கலாம். முதுகுப்பக்கம் சரக்கு அறையின் கதவு மட்டும். அந்த அறைக்குள் தம்பி போகக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவன் உடம்பு தேறி, முன்பக்கத்தில் நின்று வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டான். பழையபடி சிரித்தான். கடைக்குப் பின்னால், அடுத்த தெருவில், நூற்றிருபது மீட்டரில் இருந்த வீட்டுக்குக் குடிவந்தவர்கள் இரண்டு மாதத்தில் காலி செய்தார்கள். எவ்வளவு துடைத்தாலும் தரையில் உப்பு பூக்கிறதாம்.

அவள் எதையும் திருப்பிச் சொல்வதில்லை. எத்தனை மாத்திரை என்பதை விரலால் காட்டச் சொல்வாள். 'இந்த அக்கா வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமோ?' என்று வாடிக்கையாளர் கேலி செய்வர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒரு மழைநாள் பிற்பகல். ஊரெங்கும் சளிக் காய்ச்சல்; கடையில் கூட்டம்; எல்லார் தொண்டையும் கட்டியிருந்தது. தம்பி வண்டியிலிருந்து மருந்துப் பெட்டிகளை இறக்கப் போயிருந்தான். ஒரு பெண், இடுப்பில் குழந்தையுடன், சீட்டை நீட்டினாள். அக்காள் அதைப் படித்து, அட்டையைக் கத்தரிக்கக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"பத்து."

"பத்தா?" என்றாள், கத்தரித்துக்கொண்டே.

அந்தப் பெண் விழித்தாள். "நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையேம்மா?"

கத்தரிக்கோல் நின்றது.

பின்னால், சரக்கு அறையில், பெட்டி ஒன்றைத் தரையில் வைக்கும் ஓசை கேட்டது. மழையில் சரக்கு நனையாதிருக்க, சந்து வழியாகப் பின்கதவைத் திறந்து தம்பிதான் உள்ளே வந்திருக்க வேண்டும்.

அவள் முதுகு சில்லிட்டது. திரும்பினால் அது அறையைவிட்டு விலகும். விலகி, எதிரே நிற்கும் இந்தப் பெண்ணும் குழந்தையும் இருக்கும் பக்கம் வந்துவிடும். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் மேசை விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"தம்பி!" என்று கத்தினாள். "அங்க இருக்கியா? சத்தமாப் பேசுடா! சத்தமாப் பேசு!"

அறையிலிருந்து இரகசியமாக வந்தது பதில்.

"சரி."